உபரி நீர் வந்தால் ஆறு பிழைக்குமா?

தருமபுரி மாவட்டத்தில் தண்ணீரைப் பற்றி எந்தக் கூட்டம் நடந்தாலும் ஒரு வாதம் தவறாமல் எழும். ஒகேனக்கல்லில் காவிரி கரைபுரண்டு ஓடுகிறது. மேட்டூர் நிரம்பிய பிறகு வருவதெல்லாம் கொள்ளிடம் வழியாகக் கடலில் கலந்து வீணாகிறது. அந்த உபரியில் 3 டி.எம்.சி.யை மோட்டார் வைத்து மேலேற்றி ஏரிகளிலும் அணைகளிலும் விட்டுவிட்டால் வறட்சி தீரும், காய்ந்து கிடக்கும் ஆறுகளும் உயிர்பெறும். இதற்காகக் கையெழுத்து இயக்கம் நடந்தது. 2024 அக்டோபரில் அரைநாள் கடையடைப்பும் நடந்தது. சட்டமன்றத் தேர்தலோ நாடாளுமன்றத் தேர்தலோ, இந்த வாக்குறுதி இல்லாமல் இங்கே யாரும் ஓட்டுக் கேட்பதில்லை.

கோரிக்கைக்குப் பின்னால் இருக்கும் துயரம் உண்மையானது. மானாவாரி நிலத்தை நம்பிய குடும்பங்கள் பெங்களூருவுக்கும் திருப்பூருக்கும் கூலிக்குப் போகின்றன. ஆயிரம் அடி போர் போட்டும் புகை மட்டுமே வந்த கொல்லைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. ஆகவே, தண்ணீர் கேட்பவர்களைக் குறைசொல்ல எதுவும் இல்லை. குறை அந்த வாதத்தின் அடியில் கிடக்கும் இரண்டு நம்பிக்கைகளில் இருக்கிறது. தருமபுரியின் ஆறுகள் வறண்டதற்குக் காரணம் வெளியிலிருந்து தண்ணீர் வராதது என்பது ஒன்று. ஆற்றில் ஓடுகிற தண்ணீர் வீணாகிற தண்ணீர் என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. இவற்றை வைத்துக்கொண்டு எத்தனை ஆயிரம் கோடி செலவழித்தாலும் ஒரு சின்ன ஓடைகூடத் திரும்ப ஓடாது.

முதலில் கணக்கு. மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 4,500 சதுர கிலோமீட்டர். ஆண்டு மழை சராசரியாக 850 மில்லிமீட்டருக்கு அருகில். இரண்டையும் பெருக்கினால், தருமபுரி மண்ணில் ஓர் ஆண்டில் விழும் மழை மட்டுமே சுமார் 135 டி.எம்.சி. இதில் பெரும்பகுதி ஆவியாகும், பயிரும் காடும் குடிக்கும், அதை மறுக்க முடியாது. ஆனாலும் கேட்கப்படும் 3 டி.எம்.சி. என்பது இந்த மழையில் நூற்றுக்கு இரண்டே கால் பங்குதான். மாவட்டம் முழுவதும் பரப்பினால் 19 மில்லிமீட்டர். ஒரு நல்ல மாலை மழைக்கு அது சமம்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரைகடந்து வந்தபோது அரூரில் ஒரே நாளில் 30 செ.மீ.க்கு மேல் கொட்டியது. பக்கத்து மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்தது. தென்பெண்ணை பொங்கிப் பாய்ந்தது, சாத்தனூர் அணையிலிருந்து லட்சத்துக்கும் மேல் கன அடி திறக்கப்பட்டு விழுப்புரமும் கடலூரும் மூழ்கின. வறண்ட மாவட்டம் என்று பெயரெடுத்த பகுதியில்தான் அவ்வளவும் பெய்தது. அந்த மழையில் எவ்வளவை மண்ணுக்குள் இறக்கினோம், எவ்வளவு ஓடைகளில் மெல்லக் கசிந்து கோடை வரை நின்றது என்ற கேள்வியை எந்தக் கட்சியும் எழுப்பவில்லை.

அடுத்தது காலம். உபரி எப்போது வரும்? கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை கொழித்து, கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பி, பிறகு மேட்டூரின் 93.47 டி.எம்.சி.யும் நிரம்பிய பிறகு. 2013 ஆகஸ்டில் நிரம்பிய மேட்டூர் அடுத்து நிரம்பியது 2018 ஜூலையில். இடையில் ஐந்து ஆண்டுகள். அந்த ஐந்தில்தான் 2016-17இன் கடும் வறட்சியும் வந்தது, தருமபுரியின் தென்னையும் மாவும் காய்ந்ததும் அப்போதுதான். 2023இலும் மேட்டூர் நிரம்பவில்லை. டெல்டாவுக்கு ஜூனில் திறந்த அணையை அக்டோபரிலேயே மூட வேண்டியதாயிற்று. அடுத்த கோடையில் ஒகேனக்கல்லில் பாறைகள்தான் தெரிந்தன. தாகம் மிகுந்த ஆண்டுகளில் உபரி என்ற ஒன்றே இருக்காது. உபரி பெருகும் ஆண்டுகளில் இங்கும் பெரும்பாலும் ஓரளவு மழை இருக்கும். வறட்சிக்கு மருந்தாக ஒன்றைச் சொல்லும்போது, அது வறட்சியில் கிடைக்குமா என்பதையாவது பார்க்க வேண்டாமா?

ஏற்றும் வேலையும் எளிதன்று. காவிரி ஓடும் பள்ளத்துக்கும் தருமபுரி நகரத்துக்கும் உயர வேறுபாடு சுமார் 200 மீட்டர். ஒரு கன மீட்டர் நீரை அவ்வளவு உயரம் ஏற்ற, இயந்திர இழப்பையும் சேர்த்தால், முக்கால் யூனிட் மின்சாரம் ஆகும். 3 டி.எம்.சி. என்பது எட்டரைக் கோடி கன மீட்டர். ஆறு கோடி யூனிட்டுக்கு மேல் வேண்டும். வெள்ளம் ஒரு மாதம் நீடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு மாதத்தில் இவ்வளவையும் எடுக்க நொடிக்கு 1,150 கன அடி இறைக்கும் மோட்டார்கள் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உதாரணம் கையிலேயே இருக்கிறது. 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு-அவினாசித் திட்டம் நொடிக்கு 250 கன அடி வீதம் 70 நாள் எடுத்து, 1.5 டி.எம்.சி.யை 1,045 ஏரி குளங்களுக்குக் கொண்டுபோக வடிவமைக்கப்பட்டது. அதற்கு ஆன செலவு 1,900 கோடி ரூபாயைத் தாண்டியது. தருமபுரிக்குக் கேட்பது அதன் இரு மடங்கு நீர்.

சரி, செலவைப் பொறுத்துக்கொள்வோம். மின்சாரத்தையும் கொடுத்துவிடுவோம். தண்ணீர் ஏரிக்கு வந்தும் விடட்டும். அங்கிருந்து அது ஆற்றுக்குப் போகுமா?

போகாது. காரணம் நிலத்துக்கு அடியில் இருக்கிறது. தருமபுரி கடும்பாறை நாடு. மேலே சில மீட்டர் மண், அதன்கீழ் சிதைந்த பாறை, அதற்கும் கீழே விரிசல் விட்ட கருங்கல். ஒரு காலத்தில் மழைநீர் அந்தச் சிதைந்த பாறைப் படுகையில் தங்கி, பள்ளங்களில் ஊற்றாகக் கசிந்து, மழை நின்ற பிறகும் ஓடைகளை ஓடவைத்தது. சின்னாறு, வாணியாறு, தொப்பையாறு, நாகாவதி, கம்பைநல்லூர் ஆறு எல்லாம் இந்தக் கசிவை நம்பிய ஆறுகள். ஏற்றம் பூட்டி இறைத்த கிணறுகளால் அந்தப் படுகையை வறட்டிவிட முடியவில்லை. ஆழ்துளைக் கிணறும் அதோடு சேர்ந்த இலவச மின்சாரமும் வந்த பிறகு படுகை காலியாயிற்று. இப்போது நீர்மட்டம் ஆற்றின் மணலுக்கும் கீழே வெகு ஆழத்தில் கிடக்கிறது. முன்பு நிலம் ஆற்றுக்கு ஊட்டியது. இன்று ஆற்றில் வரும் கொஞ்சத்தையும் நிலம் உறிஞ்சிக்கொள்கிறது. நிலத்தடி நீர்க் கணக்கெடுப்புகளில் மாவட்டத்தின் பெரும்பகுதி அதிநுகர்வுப் பட்டியலில் ஆண்டுக்கு ஆண்டு தொடர்வதன் பொருள் இதுதான்.

கடனில் மூழ்கிய வீட்டுக்கு வரும் கூலிப் பணத்தைப் போல, மேலேற்றி விடும் நீர் முதலில் இந்தப் பழைய பற்றாக்குறைக்குள்தான் இறங்கும். இறங்குவதை யார் எடுப்பார்கள்? ஆழமான போரும் அதிகக் குதிரைத்திறன் மோட்டாரும் வைத்திருப்பவர். ஏரியோரத்தில் நாற்பதடிக் கிணறு வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு அது எட்டும் முன்பே வற்றிவிடும். பள்ளத்து ஓடைக்கு எட்டவே எட்டாது.

இதில் மனத்தை அறுக்கும் ஒரு செய்தி உண்டு. தளி மலைப் பக்கம் பிறந்து பஞ்சப்பள்ளி அணையைத் தாண்டி வரும் சின்னாறு, காவிரியில் சேரும் இடம் ஒகேனக்கல். எந்த இடத்திலிருந்து காவிரி நீரை மலையேற்றிக் கொண்டுவர வேண்டும் என்கிறார்களோ, அதே இடத்தில்தான் மாவட்டத்தின் சொந்த ஆறு மணல் படுகையாய் வந்து முடிகிறது. சின்னாறு ஏன் வறண்டது என்று கேட்டு யாரும் ஒரு நாள்கூடக் கடையடைத்ததில்லை.

இரண்டாவது முகாமில் இருப்பவர்கள் வேறொன்று சொல்வார்கள். உபரி நீரெல்லாம் வேண்டாம், சிக்கனம் போதும். எல்லா வயலிலும் சொட்டுநீர்க் குழாய் போட்டால் பாதித் தண்ணீர் மிச்சமாகும், ஓடைதோறும் தடுப்பணை கட்டினால் ஆறு தானே ஓடும் என்பார்கள். அரசும் இந்த நம்பிக்கையில் தாராளமாக இருக்கிறது. சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர் அமைக்க 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மிச்சமான தண்ணீர் எங்கே போகிறது என்று எந்த அலுவலகத்திலும் யாரும் கணக்கு எழுதுவதில்லை.

வயலில் நடப்பது இது. முன்பு இரண்டு ஏக்கருக்கு வாய்க்கால் பாசனம் செய்தவர், சொட்டுநீர் போட்டதும் அதே போர் தண்ணீரில் மூன்றரை ஏக்கர் பயிர் வைக்கிறார். தக்காளி இருந்த இடத்தில் வாழையோ மல்லிகையோ வருகிறது. அவரைக் குறை சொல்ல முடியாது, வருமானம் கூடுவதை எந்தக் குடும்பம் வேண்டாம் என்னும்? ஆனால் போர் ஓடும் மணி நேரம் குறையவில்லை. மாறாக, பழைய வாய்க்கால் பாசனத்தில் வேருக்கும் கீழே இறங்கி மீண்டும் கிணற்றுக்கும் பள்ளத்துக்கும் திரும்பிய பங்கு இப்போது நின்றுவிட்டது. விவசாயிக்குச் சிக்கனம், ஆற்றுக்கு இழப்பு.

இது தருமபுரியின் தனிக்கதை அன்று. அமெரிக்காவின் மேற்குக் கான்சாஸில் நீர்ச் சிக்கனத் தெளிப்பான்களுக்கு மானியம் கொடுத்துப் பார்த்தார்கள். அதை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, நிலத்தடி நீர் எடுப்பு குறையாமல் கூடியதையே கண்டது. பாசனப் பரப்பு விரிந்தது, அதிகம் குடிக்கும் பயிர்கள் வந்தன. 2018இல் 'சயன்ஸ்' இதழில் பல நாட்டு அறிஞர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரையும் இதையே உலக அளவில் எடுத்துச் சொன்னது. எடுக்கும் நீருக்கு உச்சவரம்பு இல்லாத இடத்தில் பாசனத் திறனை உயர்த்தினால் ஆற்றுக்கும் நீர்ப்படுகைக்கும் திரும்பும் நீர் குறையும்.

தடுப்பணையும் அப்படியே. ஒன்றிரண்டு நல்லது. ஒரே ஓடையில் அரை கிலோமீட்டருக்கு ஒன்றாகப் பத்துக் கட்டினால் மேலே இருக்கும் ஊரின் போர்களுக்கு நீர் கிடைக்கும், கீழே இருக்கும் ஊருக்கு மணல்தான். வரிசையாய்க் கிடக்கும் குட்டைகளில் மீன் மேலேறிப் போக முடியாது.

அப்படியானால் சேமிப்பால் ஆறு திரும்பிய இடமே உலகில் இல்லையா? இருக்கிறது. அங்கெல்லாம் சேமித்த நீரில் ஆற்றின் பங்கு எவ்வளவு என்று முதலிலேயே எழுதி வைத்தார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1987இல் ஒரு சட்டம் செய்தது. பாசனக்காரர் நீரைச் சேமித்தால் அந்தச் சேமிப்பை அவர் வேறு நிலத்துக்குப் பயன்படுத்தலாம், விற்கலாம். ஆனால் குறைந்தது கால் பங்கு ஆற்றிலேயே ஓட வேண்டும். அந்தப் பங்குக்கு வயலுக்கு இருப்பது போலவே சட்ட உரிமை உண்டு, கீழே இருப்பவர் அதை எடுக்க முடியாது. அங்கே விச்சஸ் என்றொரு சிற்றாறு. பாசன வாய்க்கால்கள் உறிஞ்சியதால் சிஸ்டர்ஸ் என்ற ஊருக்கு அருகே பல பத்தாண்டுகளாகக் கோடைதோறும் வறண்டது. பாசனச் சங்கம் மண் வாய்க்கால்களைக் குழாய்களாக்கியது, மிச்சமான நீரின் உரிமை ஆற்றின் பேருக்கு மாற்றப்பட்டது. இன்று கோடையிலும் அது ஓடுகிறது. 2007 முதல் ஸ்டீல்ஹெட் என்னும் மீனின் குஞ்சுகளை அங்கே மீண்டும் விடத் தொடங்கினார்கள். விவசாயமும் நடக்கிறது.

அமெரிக்கா பணக்கார நாடு என்று ஒதுக்குகிறவர்கள் ராஜஸ்தானின் ஆல்வார் மாவட்டத்தைப் பார்க்கலாம். தருமபுரியைவிட மழை குறைந்த பூமி அது. தருண் பாரத் சங்கமும் ஊர் மக்களும் 1980களின் நடுவிலிருந்து ஜோஹட் என்னும் மண் குட்டைகளை நூற்றுக்கணக்கில் வெட்டினார்கள். 1990களில் ஆர்வாரி ஆறு மீண்டும் ஓடியது. இந்தக் கதையை இங்கே பலரும் குட்டை வெட்டிய பகுதியோடு நிறுத்திவிடுகிறார்கள். கனமான பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. ஓடத் தொடங்கிய ஆற்றில் மீன் பெருகியதும் அரசு மீன்பிடிக் குத்தகையை வெளியாருக்குக் கொடுத்தது; ஊர்கள் எதிர்த்து நின்றன. பிறகு ஆற்றோரத்து ஊர்கள் சேர்ந்து ஆர்வாரி நாடாளுமன்றம் என்ற பெயரில் ஒரு சபை அமைத்தன. கரும்பு, நெல் போன்ற பயிர்களுக்குத் தடை, ஆழ்துளைக் கிணறுக்குக் கட்டுப்பாடு, கோடையில் ஆற்றிலிருந்து பாசனத்துக்கு இறைப்பதற்குக் கட்டுப்பாடு என்று தங்களுக்குத் தாங்களே விதி வகுத்துக்கொண்டன. ஆற்றை ஓடவைத்தது மண்வெட்டி என்றால், ஓட்டத்தைக் காத்தது இந்த விதிகள்.

தமிழ்நாட்டில் விதி என்ன ஆயிற்று? நிலத்தடி நீர் மேம்பாடு மற்றும் மேலாண்மைச் சட்டத்தை 2003இல் சட்டமன்றம் நிறைவேற்றியது. 2013இல் நீக்கியது.

பயிரைப் பற்றியும் பேசியாக வேண்டும். அதியமானின் முன்னோர் இந்த நாட்டுக்குக் கரும்பைக் கொண்டுவந்தார்கள் என்று புறநானூறு பெருமையாகச் சொல்கிறது. இன்று பாலக்கோட்டில் ஒரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும், அரூர் அருகே கோபாலபுரத்தில் சுப்பிரமணிய சிவா கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் இருக்கின்றன. கரும்புக்கு ஒரு பருவத்தில் 1,500 முதல் 2,500 மில்லிமீட்டர் நீர் வேண்டும். பெய்யும் மழையைப் போல அது இரண்டு, மூன்று மடங்கு. கேழ்வரகுக்கு 350 முதல் 500 மில்லிமீட்டர் போதும். வானம் கொடுப்பதே போதும். 2023 மே மாதம் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டம் தொடங்கியது. விவசாயிகளிடமிருந்து நேரடிக் கொள்முதலும் நடக்கிறது. ஆற்றை மீட்கும் திட்டம் என்று இதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, ஆனால் கேழ்வரகுக்கும் சாமைக்கும் கரும்புக்கு ஈடான வருமானம் உறுதியானால் சின்னாற்றுக்கு எந்த ராட்சத மோட்டாரையும்விட அது அதிகம் செய்யும். கரும்பு வைத்திருப்பவரைத் தண்டித்து இதைச் செய்ய முடியாது. விலை கொடுத்துத்தான் மாற்ற வேண்டும்.

இனி அந்த 'வீண்' என்ற சொல்லுக்கு வருவோம். பிலிகுண்டுலு முதல் ஒகேனக்கல் வரையிலும் அதற்கு அப்பாலும் காவிரியில் நீர்நாய்கள் கூட்டமாய் வாழ்கின்றன. முதலைகள் பாறைத் திட்டுகளில் கிடக்கின்றன. லீத் மென்னோட்டு ஆமை என்ற, அழிவின் விளிம்பில் இருக்கும் ஆமை இந்த மணலில் முட்டையிடுகிறது. கரையோர நீர்மருத மரங்களில் சாம்பல் நிற மலை அணில் கூடு கட்டுகிறது. இந்த உயிர்களைக் காக்கத்தான் 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தது. காவிரிப் படுகையைத் தவிர வேறெங்கும் இல்லாத திமில் மகசீர் மீனுக்கு அறிவியல் பெயர் உறுதியானது 2018இல்தான். அதே ஆண்டில் அது மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலுக்கும் போய்விட்டது. சரணாலயம் என்று பலகை நட்டுவிட்டு, அதன் நடுவில் ஓடும் ஆற்றின் வெள்ளத்தை வீண் என்று சொன்னால் இரண்டில் ஒன்று பொய். வெள்ளம்தான் மணல் திட்டை உருவாக்குகிறது, மீனை மேலே ஏற்றிவிடுகிறது, மடுக்களைக் கழுவுகிறது. கடைசியில் கொள்ளிட முகத்துவாரத்தில் உப்பைத் தள்ளிநிறுத்தி, பிச்சாவரத்துச் சதுப்புக்காட்டுக்கு நன்னீரும் வண்டலும் தருகிறது.

காவிரி நடுவர் மன்றமே இதை உணர்ந்திருந்தது. 2007இன் இறுதித் தீர்ப்பில் 740 டி.எம்.சி.யைப் பங்கிட்டபோது சுற்றுச்சூழலுக்கென 10 டி.எம்.சி.யையும், தவிர்க்க முடியாமல் கடலுக்குச் செல்வதாக 4 டி.எம்.சி.யையும் ஒதுக்கியது. போதுமா என்று விவாதிக்கலாம், ஆனால் ஆறும் ஒரு பங்குதாரர் என்று எழுதப்பட்டுவிட்டது. கங்கையின் மேற்பகுதிக்கு மத்திய அரசு 2018 அக்டோபரில் குறைந்தபட்ச ஓட்டத்தை நிர்ணயித்தது. கோடையிலும் குளிரிலும் வரும் நீரில் ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை ஓடியே ஆக வேண்டும். தென்பெண்ணைக்கோ சின்னாற்றுக்கோ வாணியாற்றுக்கோ அப்படி ஒரு வரிகூட இல்லை. பஞ்சப்பள்ளி அணையோ வாணியாறு அணையோ திறக்கப்படும்போது ஆணையில் இருப்பது எத்தனை ஏக்கர் பாசனம் என்பதுதான்.

“மனிதனுக்கே குடிக்கத் தண்ணீர் இல்லை, நீர்நாய்க்கும் ஆமைக்கும் கேட்கிறீர்களா?” என்று உடனே எதிர்க்குரல் வரும். நேர்மையான கேள்விதான். அதற்குப் பதில் இந்த மாவட்டத்துப் பிள்ளைகளின் பல்லில் இருக்கிறது. பழுப்பேறிய அந்தப் பற்கள் ஃபுளோரைடு கலந்த குடிநீரின் தடம். பாறையோடு நெடுங்காலம் உறவாடிய ஆழத்து நீரில் ஃபுளோரைடு கூடும். மேல்மட்டக் கிணறுகள் வற்றி, மக்கள் ஆழத்துக்குப் போகப் போக நஞ்சும் ஏறியது. அதைத் தீர்க்கத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஏறத்தாழ 1,929 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது. குடிக்கக் காவிரி நீர் கொடுத்தது சரி, அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஓடை ஓடியிருந்தால் நாற்பதடிக் கிணற்றில் நீர் நின்றிருக்கும். ஆமைக்கு வேண்டிய நீர் வேறு, பிள்ளைக்கு வேண்டிய நீர் வேறு என்று இந்தப் பாறை நாட்டில் பிரிக்க முடியாது. இரண்டும் ஒரே நீர்மட்டத்தைத்தான் நம்பியிருக்கின்றன.

செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. சொட்டுநீர் மானியம் வாங்கும் கிணற்றில் அளவுமானி பொருத்த வேண்டும். எடுப்பைக் குறைத்தவருக்கு ஊக்கத்தொகை கொடுக்க வேண்டும். ஆற்றங்கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் புதிய போர் கூடாது. மாவட்டத்தின் ஒவ்வோர் அணைக்கும், பாசனத்துக்கு முன்பே, ஆற்றுக்கு இவ்வளவு கன அடி என்று நிரந்தர ஆணை வேண்டும். நீக்கிய நிலத்தடி நீர்ச் சட்டத்துக்குப் பதிலாக ஒன்று, ஊர்ச் சபைகளுக்கு அதிகாரம் தரும் ஒன்று, வர வேண்டும். ஏரிகளுக்கு வரும் கால்வாய்களின் ஆக்கிரமிப்பு அகல வேண்டும். ஏரி கோடி போனால் அந்த நீர் ஓடையில் இறங்க வழி இருக்க வேண்டும். இவை நடந்த பிறகும் வெள்ள காலத்தில் காவிரியிலிருந்து கொஞ்சம் எடுக்கலாம் என்றால் எடுக்கட்டும். இவை நடக்காமல் எடுத்தால் அது போருக்கு ஊற்றிய தண்ணீர்.

தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் மார்ச் 22 அன்று, உலகத் தண்ணீர் நாளில், எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடுகிறது. பாலக்கோடு, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரங்களில் ஆற்றோரம் வாழ்கிறவர்கள் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். ஒகேனக்கல் உபரி நீர் எப்போது வரும் என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. கூடவே, எங்கள் ஆற்றில் கோடையில் எத்தனை கன அடி ஓட வேண்டும், அதற்கு அரசாணை எங்கே என்றும் கேட்டு, அந்தக் கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.